நாவலில் இறந்த குழந்தை

நாடகக் குழுவில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். கண் அப்படி, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மற்றபடி தோலின் நிறம், முடி, மூக்கு, கோபம் எல்லாம் அம்மாவைக் கொண்டிருந்தது. அப்பா பாலம் கட்ட வந்த வெள்ளைக்காரப் பொறியாளர். அவள் பிறக்கும் முன்பே சொந்த நாட்டுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை என்பதுதான் அம்மா சொல்லியிருந்தது. அதற்கு மேல் கேட்டால் அம்மாவுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

நடிக்க வேண்டும் என்று வந்தவளுக்குப் பதினோரு வருடமாகக் கிடைத்தது மேடையின் ஓரத்திரை. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறை கூலிக்காரி வேடம் கேட்டாள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி என்றார் இயக்குநர். வெள்ளைக்கார மனைவி வேடம் கேட்டாள். இந்த நிறத்தை வைத்துக்கொண்டா என்றார். இரண்டு முறையும் அவர் அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வருடம் இயக்குநர் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை நாடகமாக்க முடிவு செய்தார். வெளியூர் வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு சலவைக்காரியோடு வாழ்கிறான். அவன் ஊருக்குப் போயிருக்கும்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, காய்ச்சலில் இறந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. சலவைக்காரி வேடம் குழுவின் நாயகிக்குப் போனது. நாயகி நல்ல சிவப்பு. முகத்துக்கும் கைகளுக்கும் கறுப்பு மை பூசிக்கொள்ள ஒரு மணி நேரம் பிடித்தது.

வசனப் பிரதியைச் சரிபார்க்கப் பூனை நாவலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அட்டையின் பின்புறம் எழுத்தாளரின் படம் இருந்தது. முதலில் அவள் பார்த்தது கண்களைத்தான். பிறகு பெயரைப் பார்த்தாள். அவளுடைய பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் இருந்த அதே பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. படத்துக்குக் கீழே, அவர் நான்கு வருடங்களுக்கு முன் காலமானார் என்று போட்டிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மறுநாள் மதியம் அங்கேயே போனாள் பூனை. நீராவிக்கு நடுவே அம்மா படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் படத்தை நீட்டியதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கிழவனாயிட்டான்” என்றாள்.

“செத்துட்டாரும்மா. இதுல நானும் செத்துட்டேன். பொறந்த மூணாம் மாசம், காய்ச்சல்ல.”

அம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள். அதை மேஜையில் விரித்து, மடிப்பை நீவிவிட்ட பிறகுதான் பேசினாள்.

“அது அவனாச் சொன்னது இல்லடி. நான் எழுதிப் போட்டது.”

பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். குழந்தை பிறந்தது தெரிந்ததும் அவன் ஆள் அனுப்புகிறேன் என்று எழுதினான். குழந்தைக்கு மட்டும். வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரியே வளர்ப்பதாகவும், அவள் வேறு யாரையாவது கட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால் ஆபீஸ் வாசலில் கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் உட்கார்ந்து, குழந்தை போய்விட்டது என்று எழுதச் சொன்னாள். மடியில் குழந்தை கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு தடவை கேட்டாராம். எழுதுங்கள் என்றாளாம்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் இருந்திருக்காரு.”

“சொன்னா நீ போயிருப்ப.”

போயிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்த பூனை, புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். தன்னைப் பற்றி வரும் இடங்கள் மட்டும் போதும் என்றாள். பூனை படித்தாள். அம்மாவின் கைகளைப் பற்றி, சோப்பு வாசனையைப் பற்றி அவர் ஆசையாக எழுதியிருந்தார். குழந்தைக்காகத் தான் அழுததை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் சலவைக்காரி காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் மூலையில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போகிறாள். ஏன் என்று கேட்டவர்களிடம், ‘எங்க சனத்துக்குச் சாவு பழகிப்போனதுதான்’ என்கிறாள். தாண்டிப் போயிருக்கலாம். பூனை அதையும் படித்தாள், வேண்டுமென்றேதான்.

“அப்படியா எழுதியிருக்கான்” என்றாள் அம்மா. “காய்ச்சல்னு மட்டும்தான் எழுதச் சொன்னேன்.”

நான்காவது காட்சிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா நாடகம் பார்க்க வந்தாள். வர வேண்டாம் என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஓரத்திரையிலிருந்து தெரிந்தது.

குழந்தையைப் புதைத்துவிட்டு வரும் இடத்தில் நாயகிக்கு வசனம் மறந்துபோனது. வழக்கம்போல் தலையை லேசாகத் திருப்பி ஓரத்தைப் பார்த்தாள். பூனையின் விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. எங்க சனத்துக்கு. இரண்டு சொல் சொன்னால் போதும், மீதியை நாயகி பிடித்துக்கொள்வாள். பூனை வாயைத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இயக்குநர் கையை ஆட்டினார். யாரோ இருமினார்கள். நாயகி பயத்தில் நிஜமாகவே அழுதாள், மை கரைந்து கழுத்தில் வழிந்தது. பூனை பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வாரமே ஒரு பத்திரிகை, வார்த்தையில்லாத அந்த ஒரு நிமிடம்தான் நாடகத்தின் உயிர் என்று எழுதியது. இயக்குநர் வசனத்தை வெட்டிவிட்டு மௌனத்தை வைத்துக்கொண்டார். பூனையை வைத்துக்கொள்ளவில்லை.

நாடகம் பார்த்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு நல்லா அழுதுச்சு” என்றாள். பிறகு, “நான் அழுததே இல்ல. நீதான் மடியில இருந்தியே” என்றாள்.

பூனைக்கு அவள் கையைப் பிடிக்கத் தோன்றவில்லை. பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது, தோன்றவில்லை.

புத்தகம் போட்ட பதிப்பகத்துக்குப் பூனை ஒரு கடிதம் எழுதினாள். குழந்தை சாகவில்லை, முப்பத்துநாலு வயதாகிறது, தாய் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை, அடுத்த பதிப்பிலாவது ஒரு குறிப்புப் போடுங்கள் என்று கேட்டாள். சான்றிதழின் நகலும் வைத்தாள். இரண்டு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. நாவல் முழுவதும் கற்பனை, மறைந்த எழுத்தாளருக்கு வாரிசு யாரும் இல்லை என்பது குடும்பத்தார் தந்த தகவல், உங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அதைப் படித்துக் காட்டினாள்.

“அப்போ நீ செத்தது செத்ததாவே இருக்கட்டும்னு சொல்றாங்களா?”

“ஆமாம்மா.”

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.