சுழி பார்த்து வாங்கிய கிட்டார்

தங்கையனின் இடது கை ஆள்காட்டி விரல் நுனியைப் பம்ப்செட் பெல்ட் கடித்து ஆறு மாதமாகிவிட்டது. புண் ஆறிவிட்டது. கோட்டுச்சேரி கூட்டுறவு சங்கத்தில் ரசீது எழுத எந்தத் தடையும் இல்லை. ஆனால் கிட்டாரின் இரும்புக் கம்பியில் அந்த விரலை அழுத்தினால் உச்சந்தலை வரை சுரீரென்றது. ஒரு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை. கல்யாணக் கச்சேரியோ மூன்று மணி நேரம், அதுவும் நின்றபடி.

மெல்லிசைக் குழு நடத்தும் சோமசேகரன் நல்ல மனிதர். "தை பொறக்கற வரைக்கும் பாக்கறேன் தங்கையா. அதுக்கப்புறம் ஆர்கன்காரனைத்தான் போடணும்" என்பதைக்கூடத் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக வாசித்தவனுக்கு அந்தக் கை மிகவும் கனத்தது.

நைலான் நரம்பு போட்ட கிட்டார் விரலை அறுக்காது என்று தங்கையன் கேள்விப்பட்டிருந்தான். காரைக்காலில் அப்படி ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் அதை வைத்திருந்தவர் சொல்தா கைலாசநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பிராங்கில் பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கம்பளிக் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு, வழிகிற வியர்வையையும் விசுவாசத்தில் சேர்த்துக்கொள்கிறவர்.

"கிட்டார்னு சொல்லாதீங்க தம்பி. கிதார்" என்று தொடங்கிப் பெட்டியைத் திறக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சிவப்பு வெல்வெட்டில் அது நிச்சயமான மாப்பிள்ளைபோல் படுத்திருந்தது. உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், இடது காலுக்குக் குட்டி ஸ்டூல் வேண்டும், கேட்பவர்கள் இருமக் கூடாது. விலை இரண்டாயிரத்து ஐந்நூறு.

"நீங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

"இந்த உப்புக் காத்துல இது பேசாது தம்பி."

தங்கையன் வாங்கி மடியில் வைத்து ஒரு நரம்பைத் தொட்டான். பேசியது. பேசியது மட்டுமல்ல, பேசி முடித்த பிறகும் அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. விரலும் வலிக்கவில்லை. ஆனால் கழுத்து பலகைபோல் அகலம். அவன் பழகிய கழுத்தில் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கும். இதில் பின்னாலேயே எங்கோ தொலைந்துபோயிற்று. பணமும் இல்லை, கையும் எட்டவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தான்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மன்சூர் அலி நைலான் கிட்டார் ஒன்றை விற்கப்போகிறார் என்ற சேதி மாமனார் காத்தமுத்து மூலம் வந்தது. சேதியோடு அவரும் வந்தார். நாற்பது வருஷமாகச் சந்தையில் மாடு வாங்கி விற்பவர். விலை உள்ள எதையும் தான் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

மன்சூர் அலி எடுத்து வந்ததற்குப் பெட்டி கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் கழுத்து ஒல்லி. தோள்வார் மாட்டக் குமிழ் இருந்தது. மேல்ஸ்தாயிவரை கை போக உடம்பில் ஒரு பக்கம் வெட்டு விட்டிருந்தார்கள்.

"கிளப்புல நின்னுக்கிட்டு வாசிக்கிறவங்களுக்குன்னே செஞ்சதாம் தம்பி. ஐந்நூறு குடுங்க."

தங்கையன் கழுத்தைப் பிடித்தான். கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவன் முகத்தில் ஆசை தெரிவதற்குள் காத்தமுத்து கிட்டாரைப் பிடுங்கிக் கவிழ்த்து, உள்ளங்கையால் முதுகை நீவினார்.

"விலாவுல சுழி இருக்கு மாப்ளே. ஆகாது."

மரத்தில் ஒரு கணு. அவ்வளவுதான்.

"அண்ணே, இது புல்லு தின்னாது, கன்னு போடாது" என்றார் மன்சூர் அலி.

"வெலை மட்டும் மாட்டு வெலை சொல்றீங்களே."

மன்சூர் அலி சிரித்தார். சிரித்ததில் ஐம்பது குறைந்தது. காத்தமுத்து விடவில்லை. "ரெண்டு வேளை கறந்து பாக்காம எந்த மாட்டுக்கும் நான் பணம் குடுத்ததில்லீங்க."

"சரிண்ணே. ஒரு கச்சேரி வாசிச்சுப் பாக்கட்டும். சரிப்படலேன்னா கொண்டாந்து குடுங்க."

பெரிய பெரிய சங்கீத சபைகளுக்குத் தோன்றாத நியாயம் ஒரு மாட்டு வியாபாரத்திலிருந்து கிடைத்தது.

கார்த்திகை முகூர்த்தம், பூவத்தில் கல்யாணம். முதல் அரைமணி நேரம் மானம் போயிற்று. புதிதாக மாட்டிய நரம்புகள் பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கின. இரும்புக் கம்பியை அடிக்கிற பழக்கத்தில் ஓங்கி அடித்தான். தகரம் உருட்டிய மாதிரி கடகடவென்றது. சோமசேகரன் திரும்பிப் பார்த்தார். ஆர்கன்காரனைத்தான் நினைக்கிறார் என்று தங்கையனுக்குப் புரிந்தது.

நாலாவது பாட்டில் கம்பி மீட்டும் பிளாஸ்டிக் வில்லையைச் சட்டைப்பையில் போட்டான். மைக்கைக் கிட்டாரின் வயிற்றுத் துளைப் பக்கம் இறக்கி, வெறும் விரலால் மெதுவாகத் தொட்டான். அதற்காகத்தான் காத்திருந்ததுபோல் அது வாயைத் திறந்தது. அதட்டினால் முரண்டு பிடித்தது, மரியாதையாகக் கேட்டால் கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. இரும்புக் கம்பி வெளிச்சம் போடும். இது நிழல் கொடுத்தது. பாங்கோஸ்காரர் தானாகவே கையை அடக்கினார். பந்தியைத் தேடிப் போனவர்களில் சிலர் நின்றார்கள். கல்யாண வீட்டில் இதைவிடப் பெரிய விருது கிடையாது.

முன்வரிசையிலிருந்து கைலாசநாதன் எழுந்து வந்தார். "என்ன கம்பெனி?"

"பேரே போடலீங்க."

"நைலான் பக்கம் தம்பியைத் திருப்பிவிட்டதே நான்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்துத் தங்கையன் விரலைப் பார்த்தான். மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, அவ்வளவே. சோமசேகரன் டைரியும் கையுமாக வந்தார். "தையில எட்டு முகூர்த்தம் இருக்கு. சங்கத்துல லீவு சொல்லிடு."

பந்தியில் மாமனார் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான். கிட்டார் மடியில் இருந்தது.

"என்ன மாப்ளே, வச்சுக்கலாமா, குடுத்துடலாமா?"

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து தயங்கினார். "அதைக் கீழ வைங்க, சாம்பார் தெறிச்சுடும்."

தங்கையன் கிட்டாரின் மேல் துண்டை விரித்தான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. நீங்க பாத்து ஊத்துங்க."