அறுபதில் பாதி

...இல்லை, முப்பதுக்கு ஒன்றும் ஆகாது, முப்பது காற்றில் கிறிஸ்தோபர் எத்தனை தரம் போய் வந்திருக்கிறான், சின்னப் பாயைக் கட்டிக்கொண்டு, கரையை ஒட்டியே வலை போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவான், கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் பிந்தியதில்லை... ஆனால் றேடியோ சொன்னது முப்பது இல்லையே, அறுபது. அறுபதை முப்பது ஆக்கியது இன்பமலர்தான். டைக் வீதிக் கரையில், நேவியின் காவலரணுக்குப் பக்கத்தில், மீன் வாங்க வந்தவள் மாதிரி வெறுங்கூடையோடு நின்று புருசன் போன கடலைப் பார்த்தாள். சட்டிக்குள் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது. கச்சானின் குணம் அதுதான், ஊருக்குப் பின்னாலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று, கரையில் நிற்பவளின் சேலைத் தலைப்பைக்கூட அசைக்காது, வெகுதூரம் வெளியே போன பிறகுதான் பாயைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் நேவி சொன்ன எல்லைக்கு அப்பால்... எல்லை தாண்டிய வள்ளத்தைச் சுடுவார்கள், யார் என்ன என்று கேட்பதில்லை. திரும்பி ஓட மோட்டரும் இல்லை, அதையும் தடை செய்துவிட்டார்கள், பாயும் துடுப்பும்தான், காற்று நினைத்தால் துடுப்பு என்ன செய்யும்?

ஏன் பாதியாக்கினாள்? எல்லோரும் அப்படித்தானே கேட்கிறார்கள். முப்பது பயங்கரவாதிகள் செத்தார்கள் என்று செய்தி வாசித்தால் மூன்று பேர், அதிலும் ஒருவன் மாடு மேய்க்கப் போனவனாக இருப்பான். நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது என்றால் ஓடிப்போய் அரிசி வாங்கி வைக்கவேண்டும். அதே குரல்தான், இடையில் மூச்சுக்கூட விடாமல், திருகோணமலைக் கடலில் மணிக்கு அறுபது கிலோமீற்றர் காற்று என்றது. போன மாதமும் இப்படித்தான் சொன்னது, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், கடல் நாள் முழுக்கச் சும்மா கிடந்தது, நேவிக் கப்பல்கள் மட்டும் வரிசையாகப் போய்வந்தன. வள்ளக்காரர் கண்ணில் அவை படக்கூடாது என்பதற்காக ஊதிப் பெருப்பித்த காற்று... இன்றைக்கும் அதுதான் என்று நினைத்தாள், நினைத்ததுகூட இல்லை, கை தானாகக் கல்லைப் பொறுக்கிவிட்டு அரிசியைக் களைவது போல மனம் தானாகவே பாதியைக் களைந்துவிட்டது. குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள், வாசலில் வலையைத் தோளில் போட்டபடி அவன் கேட்டான், காத்து எவ்வளவாமப்பா? முப்பது, என்றாள். நீ அந்த றேடியோக்காரனையே கட்டியிருக்கலாம், விடியமுன்னம் அவன்ர வாயைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாய், என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு ஊற்றிய தேத்தண்ணி குசினியிலேயே ஆறிப்போனது.

மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. போகும்போது காவலரணில் கொடுத்த அடையாள அட்டைகளை ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வீடுகளுக்குப் போனார்கள், கடைசியாக வந்தவன் மட்டும் வெளியே காற்று பொல்லாதது என்று மணலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். காவலரண் மேசையில் இரண்டு அட்டைகள் மிச்சம், ஒன்று கிறிஸ்தோபருடையது, மற்றது அவனோடு ஒரே வள்ளத்தில் போகிற அபூதாஹிருடையது. எங்கோ தண்ணீருக்குள் ஒரு வெடி அதிர்ந்தது, கால் பெருவிரலில் தெரிந்தது. துறைமுகத்தில் நேவி போடுகிற குண்டுதான், நீருக்கடியால் சுழியோடிகள் வராமலிருக்க நாளும் போடுவார்கள், பிள்ளைகள்கூட இப்போது திடுக்கிடுவதில்லை... ஆனால் துறைமுகம் அந்தப் பக்கம், சத்தம் எந்தப் பக்கத்தால் வந்தது? அந்தோனியாரே, அது துறைமுகமாகவே இருக்கட்டும். அபூதாஹிரின் மனைவி நஜ்முன் நிஸா முக்காட்டைப் பல்லில் கடித்தபடி மணலில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும். முப்பது என்றே இவளுக்கும் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது...

நிஸா பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"மலர், மறைக்காமச் சொல்லுங்க. றேடியோவில காத்து எவ்வளவெண்டு சொன்னாங்க?"

"அறுபது," என்றாள் இன்பமலர். முழு எண்ணை வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான்.

நிஸா விளங்காதவள் போலப் பார்த்தாள். "அறுபதா? எங்கட ஊட்டு வாசல்ல நிண்டு கிறிஸ்தோபர் அண்ணன் பதினஞ்செண்டுதானே சொன்னாரு. பதினஞ்சுக்குச் சின்னப் பாய் போதாதெண்டு ரெண்டு பேருமாப் பெரிய பாயைத் தூக்கிட்டுப் போனாங்க."

பதினைந்து... பதினைந்து எங்கிருந்து வந்தது? முப்பது என்றாளே தவிர, அது ஏற்கெனவே களைந்த முப்பது என்று சொன்னாளா? சொல்லவில்லை. றேடியோவின் முப்பது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போவதற்குள் அவனும் தன் பங்குக்குப் பாதியைக் களைந்திருக்கிறான். அவனும் இந்த ஊரில் இருந்து செய்தி கேட்டவன்தானே, அவனை என்ன சொல்ல? கடலில் ஒரு பாயும் இல்லை. நிஸா அவள் கையைப் பிடித்திருந்தாள். பதினைந்து என்று கேட்ட அபூதாஹிர், அதிகம் கதைக்காத அந்த மனிதர், மனதுக்குள் அதை எவ்வளவாக எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறியிருப்பார்...