இன்னும் ஓராண்டு பார்க்கலாம்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் தொடங்கியது. அமெரிக்கக் கூடைப்பந்து அணி ஒன்றுக்காக இங்கே லித்துவேனியாவில் உள்ள ஆட்டக்காரர்களை மதிப்பிடுவது என் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு பக்கம். தௌரஸைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் என் மனைவி வந்துவிட்டாள். அறிக்கையில் அவளுக்கு இடமில்லை. அந்தப் பத்தியை வெட்டி இங்கே கொண்டுவந்தேன்.

அவள் பெயர் ஸ்மில்தே. இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் இல்லை.

2

முதல் தொடக்கம்: "ரோகிஷ்கிஸ் நகரத்தின் மேல் பனி"

கோடு போட்டு அடித்துவிட்டேன். லித்துவேனியக் கதைகளில் பாதி பனியில்தான் தொடங்குகின்றன. இது கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டம்.

இரண்டாவது தொடக்கம்: "ஆறு வருடங்களாக ஒருவன் தனக்குச் சொந்தமில்லாத"

[முடிக்கவில்லை. எது சொந்தமில்லை? அவனேதான். அப்படி எழுதினால் நான் உருகுகிறேன் என்று நினைப்பீர்கள்.]

நேராகச் சொல்கிறேன். தௌரஸுக்கு இருபது வயதிருக்கும்போது புது ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில் எங்கள் அணி அவன் பெயரைச் சொன்னது.* சொன்னதோடு சரி, கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அமெரிக்காவில் வேறெந்த அணியும் அவனைத் தொட முடியாது. நாங்கள் கூப்பிட வேண்டும், அல்லது விட வேண்டும். அதுவரை உள்ளூர் அணியில் ஆடுகிறான்.

அறிக்கையின் கடைசி வரி தீர்ப்பு. வைத்திருக்கலாம், அல்லது விட்டுவிடலாம். என் தொழிலில் மூன்றாவதாக ஒன்று புழங்குகிறது: இன்னும் ஓராண்டு பார்க்கலாம். அதை எழுதி வேலை இழந்தவர் யாருமில்லை. தௌரஸுக்கு அது ஆறு முறை எழுதப்பட்டிருக்கிறது.

* சொன்ன மேலாளர் இப்போது அங்கே இல்லை. அவருக்கு அடுத்து வந்தவரும் இல்லை. இப்போதிருப்பவர் தௌரஸ் என்பது ஊரா ஆளா என்று என்னிடம் கேட்டார்.

3

தௌரஸ் எழுத்தில் நிற்க மறுக்கிறான். மிக நல்லவனாக வருகிறான். ஒரு குறை வேண்டுமென்று குடிக்க வைத்தேன். அவன் குடிப்பதில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

உண்மையான குறை ஆட்டத்தில் இருக்கிறது. கூடைக்கு அடியில் கூட்டாளி ஆளில்லாமல் நிற்பான். இவன் தூரத்திலிருந்து எறிவான். தவறும்.

அரங்கில் பதினான்காம் இருக்கை என்னுடையது, பதினைந்து ஸ்மில்தேயினுடையது. அவளுக்கு ஆட்டம் பிடிக்காது. பூண்டு தேய்த்து வறுத்த கறுப்பு ரொட்டிக்காக வருவாள்.

"அவன் ஏன் இங்கயே பாக்குறான்?"

"யாரு?"

"உன் ஆளுதான். எறியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உன்னப் பாக்குறான். பரீட்ச எழுதுற பிள்ள வாத்தியாரப் பாக்குற மாதிரி."

"உனக்கு ரொட்டி தலைக்கேறிடுச்சு."

"ஒரு நாளாச்சும் வேற எங்கயாவது போய் உக்காரேன். கூரை மேல ஏறிக்கோ."

போகவில்லை. அந்த இருக்கைகளிலிருந்து இரண்டு கூடைகளும் நன்றாகத் தெரியும்.

4

புதன்கிழமை ஆட்டம் முடிந்து அரங்கு காலியானபின் தௌரஸ் படியேறி வந்தான்.

"உக்காரலாமாண்ணே?"

பதினைந்தில் என் கோட் கிடந்தது. அவன் பதினாறில் உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம இங்க உள்ளூர் அணியோட ஒப்பந்தத்துல கையெழுத்து. மூணு வருஷம். நடுவுல கழண்டுக்க முடியாது."

"கேள்விப்பட்டேன்."

"வைவா மாசமா இருக்கா. வீடு வாங்கலாமா வேணாமான்னு கேக்குறா. பொண்டாட்டி கேக்குற கேள்விக்கு நான் அமெரிக்காவக் கேட்டு பதில் சொல்ல வேண்டியிருக்கு. கூப்பிடுவாங்களா?"

"சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதா, தெரியாதா?"

"ரெண்டும்."

சிரித்தான்.

"மாமியார் வீட்டுல எனக்கு அமெரிக்க மாப்பிள்ளைன்னு பேரு. பாலாடைக்கட்டி வாங்கப் போனா, டாலர் இருந்தா குடுங்கறான் கடைக்காரன். நல்லா ஆடலன்னா ஆடலன்னு எழுதுங்கண்ணே. விட்டுட்டாங்கன்னா வேற யாராச்சும் வருவாங்க, இல்ல ஒருத்தனும் வரமாட்டான். அதயாவது தெரிஞ்சுக்குறேன். இன்னும் ஓராண்டு மட்டும் வேணாம்."

எழுந்தான். கோட்டைப் பார்த்தான்.

[முதல் வரைவில் இங்கே அவன் ஸ்மில்தேயைப் பற்றி ஒன்று சொல்வான். நல்ல வசனம். ஆனால் அவன் சொல்லவில்லை.]

5

முடிவு ஒன்று: விட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். வேறோர் அணி கூப்பிடுகிறது. விமான நிலையத்தில் மாமியார் அழுகிறாள். நான் நம்பவில்லை.

முடிவு இரண்டு: விட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். ஒருவரும் கூப்பிடவில்லை. வீடு வாங்குகிறான். இது சோகமா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு மூன்று: இன்னும்

[வேண்டாம்.]

எந்த முடிவை எழுதினாலும் அதே இடத்தில் இடிக்கிறது. தீர்ப்பெழுத நான் அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே ஆடிய ஒருவனை.

6

மறுநாள், வியாழக்கிழமை, அரங்கின் சீட்டு விற்கும் ஜன்னலில் கெனோவைதே என்னை நிறுத்தினாள். ஸ்மில்தேயின் அடக்கத்துக்கு ஆறு வெள்ளைச் செவ்வந்தி கொண்டுவந்தவள். இங்கே சாவுக்குப் பூ இரட்டைப்படையில்தான் கொண்டுவர வேண்டும்.

"தம்பி, பதினாலும் பதினஞ்சும் புதுப்பிக்கணும். ரெண்டுமா, ஒண்ணா? ஊர்லயே கோட்டுக்கு இடம் பிடிக்கிற ஆளு நீதான். வெளிய எத்தன பேரு கேட்டு நிக்கிறாங்க தெரியுமா?"

"ரெண்டையும் அவங்களுக்கே குடுத்துருங்க."

"அப்ப நீ?"

"கதவுகிட்ட நின்னுக்குறேன்."

"அங்கருந்து ஒரு கூடைதான் தெரியும்."

"போதும்."

அவள் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

[இருக்கையையும் தௌரஸையும் நீங்கள் இந்நேரம் முடிச்சுப் போட்டிருப்பீர்கள். எனக்கும் தெரிந்தது. இந்தப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். அடுத்த பகுதி விழுந்துவிட்டது. திரும்ப வைத்தேன்.]

7

சனிக்கிழமை. கதவோரம் நின்றேன். கோட் கையில் இருந்தது. கனமாகத்தான் இருக்கிறது.

பதினான்கிலும் பதினைந்திலும் பாலாடைக்கட்டி ஆலைப் பெண்கள் இருவர் ஒரே தட்டில் வறுத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் சூடு பிடிக்குமுன் தௌரஸுக்குப் பந்து வந்தது. நல்ல தூரம். எறியப் போகுமுன் அந்த இருக்கைகளைப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து ஒருத்தி ரொட்டியை ஆட்டிக் காட்டினாள்.

ஒரு கணம் அப்படியே நின்றான். அரங்கைச் சுற்றித் தேடினான். எனக்கு முன்னால் உயரமான ஒருவர் இருந்தார்.

பிறகு ஆடினான். முழு ஆட்டமும் பார்த்தேன். கடைசி வரி எழுதி அனுப்பியாயிற்று. அந்த மூன்றாவது வரி இல்லை. என்ன எழுதினேன் என்று அவனிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இதுவரை அவனை நீங்கள் என் இருக்கையிலிருந்துதான் பார்த்தீர்கள். எழுந்து வேறெங்காவது போய் நில்லுங்கள். பந்து அவன் கையில் இருக்கிறது. கூடைக்கு அடியில் கூட்டாளி தனியாக நிற்கிறான். பதினான்கில் நான் இல்லை.