எச்டாப் என்னும் கோலம்

‘டாப்’ என்ற பழைய கறுப்பு வெள்ளை கமாண்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று நாடி பிடித்துச் சொல்லத் தெரிந்த கடைசி ஆண்மகன் பெங்களூரில் பாலகுமார்தான். இதைச் சொன்னவனும் பாலகுமார்தான்.

காலேஜ் ப்ராஜெக்ட் வைவாவுக்கு இருபது நிமிடம் இருந்தது. அவனும் ரூபினியும் ஆறு மாதமாகக் கட்டிய வெப்சைட் லேப் சர்வரில் அசைய மறுத்தது. எந்த ப்ராசஸ் சி.பி.யு.வைத் தின்கிறது என்று பார்க்க ரூபினி டாப்பின் வண்ணத் தம்பியான ‘எச்டாப்’பைத் திறக்கப் போனாள்.

“கலர் கலரா கோடு, அதுல அம்புக்குறி வேற. அது டூல் இல்ல ரூபி, கோலம். நகரு.”

டாப்பின் முதல் வரியில் ஒரு பழைய ஸ்கிரிப்ட் சி.பி.யு.வைத் தின்று கொழுத்துக் கிடந்தது. அதை நிறுத்த அதன் எண்ணை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் முதல் வரியில் இருப்பதையே டாப் எடுத்துக்கொள்ளும். வீரனுக்கு எண் எதற்கு? ‘கில்’லுக்கான ‘கே’யைத் தட்டி, இரண்டு முறை எண்டரைத் தட்டினான். பட்டியல் மூன்று நொடிக்கொரு முறை இடம் மாறும். அவன் தட்டிய நொடியில் முதலில் ஏறியிருந்தது அவர்களுடைய டேட்டாபேஸ்.

“டேய், யாரைப் போட்டே?”

“நம்மாளத்தான்.”

ரூபினி டேட்டாபேஸை மறுபடி எழுப்பினாள். எச்டாப்பில் ஸ்கிரிப்டின் பெயர்மேல் அம்புக்குறியால் போய் நின்று அதை நிறுத்தினாள். வைவா பிழைத்தது.

“கோலம் எப்படிப்பா?” என்றாள்.

“சுமார்” என்றான் பாலகுமார், தலை நிமிர்ந்தபடியே.

மாலையில் லிங்கராஜபுரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் எச்டாப்பை ஏற்றினான். செட்டிங்கில் தேடி, வண்ணமே இல்லாத கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தான். நாலடி தள்ளி நின்று பார்த்தான். டாப் மாதிரியேதான் இருந்தது.