மச்சினன் கொண்டுவந்த டிங்டாங்

டிங்டாங் என்ற சோடா பானத்தைத் தயாரித்த கம்பெனி இழுத்து மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் அதன் ருசியை மறக்காத ஒரு கூட்டம் ஞாயிறுதோறும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடும். கடைக்காரர்தான் தலைவர். காலி பாட்டிலோ பழைய மூடியோ கிடைத்தால் அவர் கைக்குத்தான் முதலில் வரும். "வாயில வைக்கும்போது திராட்சை, தொண்டையில எறங்கும்போது இஞ்சி" என்று அவர் ஆரம்பித்தால் கூட்டத்திலிருக்கும் தபால்காரரும் தையல்கார அம்மாவும் எச்சில் விழுங்குவார்கள்.

போதாத காலம், மனைவியின் தம்பியையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அவன் லாரி டிரைவர். போகிற ஊரெல்லாம் விசாரித்து ஏதாவது கொண்டுவருவான். கொஞ்ச நாளில் எல்லோர் நாற்காலியும் அவன் பக்கம் திரும்பிவிட்டது. கடைக்காரருக்கு உள்ளே புகைந்தது.

ஒரு ஞாயிறு அவன் மரப்பெட்டியோடு வந்து நின்றான்.

"இடிக்கிற தியேட்டர்ல கெடந்துச்சு மாமா. மூடி தொறக்காத பாட்டிலுங்க!"

தையல்கார அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். தபால்காரர் கட்டிப்பிடித்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள். இத்தனை வருஷம் தேடியும் தனக்கு ஒன்றுகூட அகப்படவில்லையே என்று கடைக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"தலைவரே, நீங்க குடிச்சுச் சொன்னாத்தான் கணக்கு" என்றார் தபால்காரர்.

கடைக்காரர் ஒரு வாய் குடித்தார். காற்றுதான் போயிருந்தது. திராட்சையும் இஞ்சியும் அப்படியே இருந்தன. கண் கலங்கப் பார்த்தது. நிமிர்ந்தால், எல்லோரும் மச்சினன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது டிங்டாங் இல்ல. எவனோ போலிச் சரக்கு அடைச்சிருக்கான்."

அறை சப்பென்று ஆகிவிட்டது. மச்சினன் முகம் சுண்டிப்போயிற்று. "தெரியாம கொண்டாந்துட்டேன் மாமா. யாராவது குடிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போவுது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனான். பாட்டில்கள் கவிழும் சத்தம் களக் களக்கென்று கேட்டது. கடைக்காரர் அசையவில்லை. யாரும் இப்போது அவனுக்காகக் கை தட்டவில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல்கூட இருந்தது.

பலகாரத் தட்டு எடுக்க வந்த மனைவி, அவர் வைத்த டம்ளரில் மிச்சமிருந்ததை வாயில் விட்டாள். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே பாட்டிலில் டிங்டாங் குடித்தவர்கள். அவள் அவரையே பார்த்தாள்.

"என் தம்பி மேல அவ்வளவு வயித்தெரிச்சலா உங்களுக்கு?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் எழுந்து ஓடினார். மச்சினன் கையிலிருந்தது கடைசி பாட்டில். அதிலும் பாதி போயிருந்தது. பிடுங்கிக்கொண்டார்.

"கொட்டாதடா! அசல்தான். நான்தான் பொறாமையில பொய் சொல்லிட்டேன்."

தபால்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். தையல்கார அம்மா முகம் கொடுக்கவில்லை. மச்சினன்தான், "விடுங்க, மாமாவும் மனுஷன்தானே" என்று ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினான். அவருக்கும் ஒன்று கிடைத்தது. குடித்து முடித்ததும் எல்லோரும் மச்சினனைத் தோளில் தட்டி, கை தட்டினார்கள். கடைக்காரரும் தட்டினார். அவன் பெருந்தன்மையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் எரிந்தது.