இலவசத்துக்கு மூன்று கொட்டேஷன்

காசு கொடுக்காமல் ஒரு பொருளை வாங்குவதுதான் உலகத்திலேயே கடினமான காரியம் என்பது வெற்றிச்செல்விக்கு அந்த வருஷம் ஜூலை மாதம்தான் தெரிந்தது.

அவள் அறிவியல் ஆசிரியை. குடியிருப்பது பெரம்பலூரில். காலையில் பஸ் பிடித்து அரியலூர் வந்து, அங்கிருந்து செந்துறை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கினால் அவள் வேலை பார்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். முதல் பெஞ்சில் சுவரோரமாக உட்காரும் பாக்யலட்சுமிக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் கேட்கும் சக்தியைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும். அரசு முகாமில் கொடுத்த காதுக் கருவியை மாட்டினால் வாத்தியார் குரலைவிட மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். உதட்டைப் பார்த்தே பத்தாவது வரை வந்துவிட்ட பிள்ளை. ஆனால் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்கு அதோடு பாடம் நின்றுபோகும். வெற்றிச்செல்வி ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். நாற்பது நிமிஷ வகுப்பில் இருபத்து நான்கு நிமிஷம் அவள் பிள்ளைகளுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வு மார்ச்சில்.

அதன் பிறகுதான் பஸ்ஸில் போகவர ஃபோனில் தேட ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் ஒரு வலைத்தளம் அகப்பட்டது. நாம் பேசப் பேச அது தமிழில் எழுத்தாகத் திரையில் ஓடும். முழுக்க இலவசம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்மார்ட் போர்டும் மடிக்கணினியும் இருந்தன. சுதந்திர தினத்தன்று அதில் கொடிப் படம் காட்டுவார்கள். குடியரசு தினத்தன்றும் அதே படம். மற்ற நாட்களில் அந்த அறையின் சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருக்கும்.

தலைமையாசிரியர் ராசாங்கம் கெட்டவர் இல்லை. ஆனால் சூடு கண்ட பூனை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொட்டேஷன் இல்லாமல் வாங்கித் தணிக்கையில் மாட்டியவர். அந்த வாளிக்கு இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

"நல்ல விஷயம்தாம்மா," என்றார். "மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வந்துடுங்க."

"சார், அது ஃப்ரீ."

"ஃப்ரீதான். ஃப்ரீன்னு மூணு பேரு எழுதிக் குடுக்கணும்ல."

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க சார்."

"மாட்ட யாரும் ஆடிட் பண்றதில்லம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வெற்றிச்செல்வி இன்னும் இரண்டைத் தேடிப் பிடித்தாள். ஒன்று வண்ண வண்ணமாகப் படம் போட்டுப் பாடத்தைக் காட்டுவது. இன்னொன்று பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துவது. மூன்று கம்பெனிக்கும், விலை இல்லை என்பதை உறுதிசெய்து கடிதம் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றிலிருந்தும் ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்கள் வரிசை எண் இது என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அரியலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில், மூன்று வலைத்தளத்திலும் விலை பூச்சியம் என்று போட்டிருந்த பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்தாள்.

ராசாங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரவுண்டு சீல் இல்லியே."

"வெளிநாட்டுக் கம்பெனி சார். சீல் வைக்க மாட்டாங்க."

"அதான் அவனுவோளுக்கு வளர்ச்சி," என்று சொல்லிவிட்டு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார். முதல் கம்பெனி பூச்சியம். இரண்டாவது பூச்சியம். மூன்றாவது பூச்சியம். இதில் குறைந்த விலை கேட்டவர் யார் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அப்படியே நாலு நாள் நின்றது.

இதற்குள் கணக்கு ஆசிரியை சசிகலா கமிட்டிக்குள் வந்துவிட்டாள். கமிட்டி என்றால் மூன்று பேர்: தலைமையாசிரியர், வெற்றிச்செல்வி, சசிகலா. சசிகலாவுக்குப் படம் போடுகிற கருவிதான் பிடித்தது. ஆசிரியர் தினத்துக்கு அழைப்பிதழும் அதிலேயே அடித்துக்கொள்ளலாம், அதிகாரிகள் பார்க்க வந்தால் கலராக இருக்கும் என்றாள். வினாடி வினாவில் ஒரு சிக்கல். நாற்பது பேர் வரைதான் இலவசம், வகுப்பில் நாற்பத்து மூன்று.

"அது ஒரு பிரச்சின இல்ல. தெனமும் மூணு பேரு லீவுதான்," என்றார் ராசாங்கம்.

முடிவில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பில் மூன்றையும் செய்து காட்ட வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிஷம். கமிட்டி உட்கார்ந்து மார்க் போடும். அதிக மார்க் வாங்கியதற்கு ஆணை. மற்ற இரண்டும் வருஷம் முழுக்க வகுப்புக்குள் வரக் கூடாது, தணிக்கைக்கு அதுதான் சுத்தம். அன்று இரவு வெற்றிச்செல்விக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சசிகலாவின் கலரும் ராசாங்கத்தின் பயமும் சேர்ந்தால் பாக்யலட்சுமிக்கு மார்ச் வரை தன் முதுகுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஸ்மார்ட் போர்டு அறை திறந்தது. பெரிய மனிதர்கள் வகுப்புக்கு வந்தால் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைப்பது நம் பக்கத்து வழக்கம் இல்லை. முன்னால், போர்டுக்குக் கீழே, மேசைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி நாற்காலி போட வேண்டும். அப்படியே இரண்டு நாற்காலி போட்டார்கள். ராசாங்கமும் சசிகலாவும் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதைப் பார்த்து மார்க் போட வந்தார்களோ அது அவர்கள் தலைக்குப் பின்னால் இருந்தது. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மடிக்கணினி ராசாங்கத்தின் முழங்கையருகே மேசைமேல் இருந்தது.

படம் போடுகிற கருவியில் இதயம் துடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வினாடி வினாவில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. மூன்றாவதை வெற்றிச்செல்வி திறந்து, ஓம் விதியை ஆரம்பித்தாள். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்று அவள் சொல்லச் சொல்ல, கரிய திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஏறியது. பாக்யலட்சுமி உதட்டைப் பார்ப்பதை விட்டாள். போர்டைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள், மறுபடி பார்த்தாள். பாடம் நடக்கும்போது அவள் நோட்டில் எழுதி வெற்றிச்செல்வி பார்த்ததே இல்லை.

கடைசி பெஞ்சுக்கும் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க, பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்தாள்.

போர்டில் ஒரு வரி வந்தது. "டீ சொல்லியாச்சா."

பிள்ளைகள் சிரித்தார்கள். பாடம் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது போல என்று, டீயைக் கேட்ட ராசாங்கமும் சிரித்து வைத்தார். பிறகு அவர் சசிகலா பக்கம் சாய, வகுப்பு நடக்கும்போது பெரியவர்கள் பேசுகிற அந்தத் தணிந்த குரலில் இருவரும் பேசிக்கொண்டார்கள். யார் பேச்சு எது என்று அந்தக் கருவி பிரிக்காது. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறியது.

"இந்தப் புள்ளைக்காகத்தான் சார் இவ்வளவும்."

"அதுக்கு பரீட்சையில சலுகை இருக்கும்மா. எப்படியும் பாஸாயிடும். ஒண்ணுத்துக்காக நாப்பத்தி ரெண்டு பேரும் எழுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமா."

"வெற்றிச்செல்வியே சொன்னதுதான் சார். அதுக்கு பாடம் எடுக்கறதும் செவுத்துக்கு எடுக்கறதும் ஒண்ணுதான்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. வெற்றிச்செல்வி கடைசி பெஞ்சின் பின்னால் நின்று அதைப் படித்தாள். சொன்னது உண்மை. பள்ளி திறந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில், வெயில் அலுப்பில் சொன்னது. அப்போது பாக்யலட்சுமி நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு, வெற்றிச்செல்வியின் முதுகுக்குப் பின்னால் மேசையருகே நின்றாள். கேட்காத பிள்ளைதானே என்று யாரும் குரலைக்கூடத் தணிக்கவில்லை. ஓடிப்போய் மடிக்கணினியை மூடியிருக்கலாம். மூடவில்லை.

பாக்யலட்சுமி மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள். பிறகு திரும்பி, ஏழு பெஞ்சு தாண்டி வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். வகுப்பு முழுதும் திரும்பியது. எல்லாரும் எதையோ பார்க்கிறார்களே என்று ராசாங்கமும் கழுத்தை வளைத்து, முதல் தடவையாகப் போர்டைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணுங்க," என்று கிசுகிசுத்தார். "ஆஃப் பண்ணுங்க" என்று போர்டில் வந்தது. சசிகலா மார்க் போடும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்யலட்சுமி எழுந்து நின்றாள். "நீங்க சொன்னீங்களா டீச்சர்," என்று கேட்டாள். அவளுடைய குரலில் கோபமா, அழுகையா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது எப்போதும் ஒரே மட்டம்தான்.

வெற்றிச்செல்வி மேசை வரைக்கும் நடந்தாள். மடிக்கணினிமேல் கை வைத்தாள். மூடிவிட்டால் இந்தப் பதிலும் அந்தப் பிள்ளைக்குப் போகாது. குனிந்து சொன்னாள்.

"சொன்னேன். ஜூன் மாசம். நீ பக்கத்துலதான் நின்ன. அது தப்பு பாக்யலட்சுமி. எனக்கு வெக்கமா இருக்கு."

போர்டு எழுதியது. வகுப்பு முழுதும் படித்தது.

"எனக்கு இப்பத்தான் தெரியுது," என்றாள் பாக்யலட்சுமி. "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்." உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

ராசாங்கம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேசினால் எழுதிவிடுமே என்று, மார்க் தாளைத் திருப்பி அதன் பின்பக்கம் ஏதோ எழுதி வெற்றிச்செல்வியிடம் நீட்டினார்.

"சார் என்ன எழுதியிருக்காரு டீச்சர்?" என்றாள் பாக்யலட்சுமி.

வெற்றிச்செல்வி தாளை வாசித்தாள். "இந்தக் கருவியையே எடுத்துக்கொள்ளலாம். நான் பேசியதற்கு வருத்தப்படுவதாக அந்தப் பெண்ணிடம் சொல்லவும்."

பாக்யலட்சுமி போர்டில் அதைப் படித்து முடித்தாள்.

"அத அவரயே சொல்லச் சொல்லுங்க டீச்சர்."

வகுப்பில் மின்விசிறி ஓடியது. முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார். எங்கே நின்று பேசுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு மேசைமேல் இரு கையையும் ஊன்றி, மடிக்கணினிக்கு முகத்தைக் கொண்டுபோய், "மன்னிச்சுக்கம்மா," என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, எழுத்து வருகிறதா என்று போர்டைப் பார்த்தார். வந்தது.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பாக்யலட்சுமி உட்கார்ந்தாள்.

வெற்றிச்செல்வி அப்படியே நின்றாள். தனக்கும் ஒரு 'சரிங்க' வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பாக்யலட்சுமி நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, போர்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போர்டில் அடுத்த வரி காலியாக இருந்தது. வெற்றிச்செல்வி மின்தடையிலிருந்து பாடத்தை மறுபடி ஆரம்பித்தாள்.