சாத்தியது வேறு, பூட்டியது வேறு

தலையைத் தொட்டியில் சாய்த்து, முடி முழுக்க ஷாம்பு நுரையோடு படுத்திருந்த யோகா டீச்சர், கண்ணை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பெத்தவதான் ஏதோ பண்ணியிருக்கா. வேணும்னா பாருங்க."

நுரைக்குள் இருந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரியைப் பார்லரில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காணாமல் போன குழந்தைக்கு அவள் பெரியம்மா என்பது முதலாளியம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். லீவு எடுத்துக்கொள் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குள் இருந்தால் டிவி, வாசலுக்கு வந்தால் மைக். கைக்காவது ஒரு வேலை இருக்கட்டும் என்று கிளம்பி வந்தாள். வந்த இடத்தில் இது.

"டிவியில பாத்தீங்களா அவளை? தலையெல்லாம் படிய வாரிக்கிட்டு வந்து நிக்கிறா. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தலை வாரத் தோணுமா?"

வாரிவிட்டதே இந்த அக்காதான். தங்கச்சிக்குச் சீப்பை எடுக்கத் தோன்றவே இல்லை. பிள்ளை தொலைந்த அன்றிலிருந்து முடி சடை பிடித்துப்போய்க் கிடந்ததை, உட்காரவைத்து, சிக்கெடுத்து, பின்னி, போ, நாலு பேர் முன்னால் நின்று பேசு, பார்க்கிறவர்களில் யாராவது இரக்கப்பட்டு ஒரு தகவல் சொல்லமாட்டார்களா என்று அனுப்பிவைத்தாள். இரக்கத்தை விடுங்கள். ஊர் அந்தப் பின்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இருந்தது.

நாலு நாளாக இதே கூத்துத்தான். ஆளுக்கொரு கதை. கதைக்குக் கண் காது மூக்கு எல்லாம் வைத்து, போனில் ஏற்றி, அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுத்தான் காலைக் காப்பியே குடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் டிவியில் கோட்டுப் போட்ட ஆள் ஒருத்தன் கதவு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, தாழ்ப்பாள் எப்படிப் போடுவது என்று நாட்டுக்கே பாடம் எடுக்கிறான். இத்தனை காலம் ஜனங்கள் தாழ்ப்பாள் போடத் தெரியாமலா வீட்டுக்குள் குடியிருந்தார்கள்? அக்காவுக்கு அந்தக் கதவைத் தூக்கி அவன் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு அப்பனே சொல்றானே" என்றார் டீச்சர். "பூட்டின வீட்டுக்குள்ள இருந்து ஏழு மாசக் குழந்தை எந்திரிச்சு நடந்தா போகும்? உள்ளே இருந்தவ ஒருத்திதான். கணக்கு சரியா வருதா இல்லையா?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்தாள். டீச்சர் விடுவதாக இல்லை.

"நான் அந்த பில்டிங்குக்குத்தான் கிளாஸ் எடுக்கப் போவேன், தெரியுமா? அன்னைக்குக்கூடப் போயிருந்தேன். இறங்கி வர்றப்ப பின்பக்கப் படியில ஒரு பொம்பளை பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனா. அவசரமாப் போனா. அதுவும் அழுதுக்கிட்டே போச்சு. அப்புறம் நியூஸ் பாத்ததும் பக்குனு ஆயிடுச்சு. ஆனா அந்த வீடுதான் பூட்டியிருந்துச்சே, அப்ப இது வேற யாரோன்னு விட்டுட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது.

"பிள்ளையை எதுல சுத்தியிருந்தா டீச்சர்?"

"துண்டு. மஞ்சள் துண்டு. தலையில தொப்பி மாதிரி வருமே, அதுல முயல் காது வச்சு. ஒரு காது மட்டும் வேற கலர்ல தச்சிருந்துச்சு, அதான் ஞாபகம் இருக்கு."

அந்தக் காதைப் பிய்த்தது உருண்டை. குழந்தைக்கு வீட்டில் உருண்டை என்றுதான் பேர். கன்னமும் வயிறும் அப்படி. பிய்ந்த காதைக் கையில் கிடைத்த சிவப்பு நூலால் தைத்துக்கொடுத்தது அக்கா. துண்டைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவைத்திருந்ததால், அது எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அக்கா தண்ணீரை நிறுத்தினாள்.

"நான் அவளோட கூடப்பிறந்தவ டீச்சர். நீங்க பார்த்தது எங்க பிள்ளை. எந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போகணும்."

டீச்சர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவேண்டுமே.

"ஐயோ, இதை முதல்லயே சொல்லக்கூடாதா நீங்க? நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டேன்."

"நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தது நீங்க. சொல்லலைன்னு எங்கிட்ட கேக்குறீங்களா?"

"சரி சரி, தலையை மட்டும் அலசிட்டு..."

"நுரையோட வாங்க!"

முதலாளியம்மா ஓடிவந்து டீச்சரின் தலையில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டாள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் காதோரம் நுரை வழிய, என் மேல் கேஸ் எதுவும் வராதே, வராதே என்று டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று அக்கா தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"துண்டு சரியா இருக்கும்மா. அதுலதான் சிக்கலே. கதவு தானாப் பூட்டிக்கிற கதவு. வெளியில இருந்து சாவி இல்லாம திறக்க முடியாது. பூட்டித்தான் இருந்துச்சுன்னு வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அப்ப அந்தப் பொம்பளை கையில பிள்ளை எப்படிப் போச்சு? யாரோ உள்ளே இருந்து திறந்து குடுத்திருக்கணும். உள்ளே இருந்தது யாரு?"

பிள்ளையைக் காப்பாற்றும் என்று நம்பித் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தகவல், தங்கச்சி பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் என்பதற்குச் சாட்சியாக மாறி நின்றது. இவர்கள் இனி அந்தப் பொம்பளையைத் தேடமாட்டார்கள். தங்கச்சியைத்தான் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அதற்குள் உருண்டை எந்த ஊர் தாண்டியிருக்குமோ.

"சார், அவ சாத்தியிருந்துச்சுன்னுதானே சொன்னா?"

"ஆமா. சாத்தியிருந்துச்சுன்னா பூட்டியிருந்துச்சான்னு கேட்டேன். அந்தம்மா பிரமை பிடிச்ச மாதிரி இருந்தாங்க. ஆமா, பூட்டித்தான் இருந்துச்சுன்னு வீட்டுக்காரர் சொன்னார்."

அக்கா எழுந்தே விட்டாள்.

தங்கச்சி புருஷனைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பூட்டு மாப்பிள்ளை என்பார்கள். பூட்டுக் கடை வைத்திருக்கிற மனிதர். கதவுக்குப் பூட்டு, கேமரா, அலாரம் எல்லாம் அவரே போய்ப் பொருத்தித் தருவார். கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பிடுகிறவனிடம் உங்கள் வீட்டில் என்ன பூட்டு என்று விசாரிக்கிற ரகம். தன் வீட்டுக்கும் ஒன்று போட்டிருந்தார். கதவை மூடினால் தானே பூட்டிக்கொண்டு, கீ என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு உருண்டை தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடும். தூங்கவைக்க ஒரு மணி நேரம், எழுப்ப ஒரு கீ. பூட்டை மாற்றித் தரச் சொல்லித் தங்கச்சி கெஞ்சாத நாளில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளை தூங்கும்போது சின்னத் துணியை மடித்துப் பூட்டின் வாயில் வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்துவாள். பூட்டாது, கத்தாது. இது அக்காவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மட்டும் பூட்டித்தான் இருந்தது என்று மாப்பிள்ளை அடித்துச் சொன்னபோது, முதலில் ஓடிவந்து பார்த்தவர் சொல்கிறாரே என்று நம்பிவிட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து அக்கா நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி பிள்ளையின் தொட்டில் பக்கத்தில் தரையில் இருந்தாள். ஜன்னலுக்குக் கீழே, பில்டிங் கேட்டுக்கு வெளியே மைக்கோடு நாலைந்து பேர்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, அன்னைக்குக் கதவு பூட்டியிருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?"

"என்ன அண்ணி திடீர்னு? அதான் சொல்லிட்டேனே."

"இன்னொரு தடவை சொல்லுங்க. உருண்டையை ஒருத்தி தூக்கிட்டுப் போனதைப் பார்த்த ஆள் கிடைச்சாச்சு. நீங்க பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக் குடுத்ததால, உங்க பொண்டாட்டிதான் கதவைத் திறந்து பிள்ளையைக் குடுத்தான்னு போலீஸ் நினைக்குது. இப்பச் சொல்லுங்க."

மாப்பிள்ளை தங்கச்சியைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, கொஞ்சம் யோசிங்க. கதவைத் திறந்து போட்டுட்டுப் போனான்னு தெரிஞ்சா இவளை உயிரோட விட்டுவைப்பாங்களா? இவளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"இவளையா? உங்க கடையையா?"

"ஊர் முழுக்க என்னை நம்பிப் பூட்டு வாங்குது. என் வீட்டுக் கதவே பூட்டாம கெடந்துச்சுன்னா என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்கிறது? இப்ப மாத்திச் சொன்னா பொய் சொன்னேன்னு என்னைத்தான் பிடிச்சு உள்ளே வைப்பாங்க."

"உங்க மூஞ்சிக்காக என் தங்கச்சி கொலைகாரியா நிக்கிறா! நாலு நாளா வர்றவன் போறவனெல்லாம் நாக்குல நரம்பில்லாமப் பேசுறான். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, உங்களுக்குச் சோறு எப்படி இறங்குச்சு?"

வெளியே மைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அக்கா இன்னும் சத்தமாகக் கேட்டாள். மாப்பிள்ளை எழுந்து ஜன்னலை மூடினார். அந்த நேரத்திலும் மூடுகிற வேலைதான் அவருக்கு முதலில் வந்தது.

தரையிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"பூட்டுல வச்ச துணி வாசல்படியில கெடந்துச்சு அக்கா."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"மொட்டை மாடியில காயப்போட்ட துணியை எடுக்கத்தான் போனேன். வந்தா கதவு பூட்டு விழாம சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. மடிச்சு வச்ச துணி கீழே விழுந்து கெடந்துச்சு. தொட்டில்ல பிள்ளை இல்ல. இவருக்குப் போன் பண்ணினேன். வந்தார். முதல்ல குனிஞ்சு அந்தத் துணியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அப்புறம்தான் பிள்ளை எங்கேன்னு கேட்டார்."

அப்படிச் செய்த ஒருவர் எதிரே நிற்கிறார், சட்டை கசங்காமல் நிற்கிறார், அவரை என்ன செய்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தங்கச்சி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கவனமில்லாதவன்னு சொல்லட்டும். தாயா பேயான்னு கேக்கட்டும். என்ன வேணா சொல்லட்டும். எனக்குப் பிள்ளை வேணும். வா அக்கா."

கேட்டைத் திறந்து, மைக்குகளுக்கு நடுவே போய் நின்று, தலைகூட வாரிக்கொள்ளாமல் அவளே சொன்னாள். "நான் கதவைப் பூட்டலை. சாத்திட்டுத்தான் போனேன். பின்பக்கப் படியில மஞ்சள் துண்டுல பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவளை யாராவது பார்த்திருந்தா சொல்லுங்க." பிறகு நேராக ஸ்டேஷனுக்குப் போய் அதையே எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, வேறு வழியில்லாமல், பாக்கெட்டில் போட்ட துணியைப் பற்றித் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

ஊர் ஒரு நிமிடம்கூட வெட்கப்படவில்லை. கொன்றுவிட்டாள் என்று நேற்று வரை எழுதினவர்களே, பிள்ளையைத் தனியாகப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போன மகராசி என்று எழுத ஆரம்பித்தார்கள். இவளையெல்லாம் யார் பெற்றுக்கொள்ளச் சொன்னது என்று கேட்டார்கள். கோட்டுக்காரன் அன்று மாலை இன்னொரு கதவோடு வந்தான். அக்கா போனை எடுத்து ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதத் தொடங்கினாள். ஒன்றுக்குப் பதில் எழுதுவதற்குள் நூறு வந்து விழுந்தது. கடைசியில் போனைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

ஆனால் தங்கச்சி மைக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் பின்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தன் கடைக் கேமராவில் பதிவானதைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் துண்டு ஒரு வாடகைக் காரில் ஏறியது அதில் இருந்தது. பூட்டின வீடு என்றதால் இத்தனை நாள் அதைப் போட்டுப் பார்க்கவே தோன்றவில்லை என்றார். போலீஸ் இப்போதுதான் அந்தக் காரின் பின்னால் ஓடியது. இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. ஏதோ ஒரு ஊரில், ஒரு வாடகை வீட்டில், உருண்டை உயிரோடு கிடைத்தது.

ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒடுங்கியிருந்தது. தங்கச்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். உருண்டை அவளை ஒரு தரம் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு, பெண் போலீஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"என்னைப் பார்த்துப் பயப்படுது அக்கா" என்றாள் தங்கச்சி. "யாரோன்னு நினைக்குது."

"நாலு நாள்ல பழகிடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான். வாயை அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமேலாவது கதவைப் பூட்டி வைங்க."

அக்கா திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"எல்லாம் அந்த யோகா டீச்சரால வந்தது. பார்த்த அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, அன்னைக்கே பிள்ளை கிடைச்சிருக்கும். இப்படி நம்மளை மறந்திருக்காது."

தங்கச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா?"

அவள் போய், அலறுகிற பிள்ளையை அலறலோடு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது முதுகை வளைத்துத் திமிறியது, அவள் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளியே மாப்பிள்ளை ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் அந்தக் கதவைத் தாண்டி நடந்து, தெருமுனையில் வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன் வீட்டுக்குப் போகலாம் அக்கா" என்றாள். "இது என்கிட்ட பழகட்டும்."